புல்லில் கிடந்த மூன்று சேபோக்கள்

சுடுதளத்தில் இலக்குத் தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், குழல் வாய்க்கு முன்னால் இருபது கஜத் தொலைவில் புல்லுக்குள் கிடந்த மூன்று பிளாஸ்டிக் துண்டுகளை, குண்டைச் சுற்றியிருக்கும் சேபோ என்ற உறைகளை, குனிந்து எடுத்தேன். மசில்லோடர் துப்பாக்கியைப் பற்றி நான் உண்மையாகக் கற்கத் தொடங்கியது அந்தக் கணத்தில்தான். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மூன்று வகைக் குண்டுகளை மாற்றிப் பார்த்திருந்தேன். நூறு கஜத்தில் மூன்று குண்டுகள் எட்டு அங்குல அகலத்துக்குச் சிதறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் குறை குண்டில் இருப்பதாகவே எண்ணினேன். கையில் எடுத்த துண்டுகளில் ஒன்றுக்கு நான்கு இதழ்களில் ஒன்று அடியோடு இல்லை. இன்னொன்றின் அடிப்பகுதி உள்நோக்கிக் குழிந்து, நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. மூன்றாவது ஒரு பக்கம் மட்டும் கருகி, மறுபக்கம் புதிதுபோல் வெண்மையாக இருந்தது. இப்படிப்பட்ட உறையில் அமர்ந்து வெளியேறும் எந்தக் குண்டும் ஒரே இடத்தில் போய் விழாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

புதியவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். மசில்லோடர் என்பது தோட்டா இல்லாத துப்பாக்கி. மருந்தையும் அதன் மேல் குண்டையும் குழல் வாய் வழியாகவே இட்டு, கோலால் கெட்டித்து, பிறகு பிரைமர் என்ற சிறு பற்றவைப்பானால் மருந்தைப் பற்றவைத்துச் சுட வேண்டும். பழங்காலத்தில் எண்ணெய் தடவிய துணியில் சுற்றிய ஈய உருண்டையைப் பயன்படுத்தினார்கள். 1985இல் நைட் எம்கே-85 போன்ற இன்லைன் (மருந்துக்கு நேர் பின்னால் பிரைமர் அமைந்த) துப்பாக்கிகள் அமெரிக்காவில் வந்த காலத்தையொட்டியே, கைத்துப்பாக்கிக்கான மெல்லிய குண்டைப் பெரிய குழலில் சுட உதவும் பிளாஸ்டிக் சேபோக்களும் பரவின. சேபோ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மரத்தாலான காலணி என்று பொருள். நம் மொழியில் பாதக்குறடு என்று சொல்லலாம். பாதத்துக்குக் குறடு எப்படியோ, குண்டுக்குச் சேபோ அப்படி: குழலுக்குள் இருக்கும்வரை அதைத் தாங்கி நடத்தும், வெளியே வந்ததும் காற்று இதழ்களைப் பிரித்துக் கழற்றிவிடும். இதே தத்துவத்தில்தான் 1944இல் பிரிட்டிஷ் பீரங்கிகளும் கவச வண்டிகளைத் துளைக்கும் குண்டுகளைச் சுட்டன.

மிகப் பரவலான 0.50 அங்குலக் குழலை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பாலும் 0.451 அல்லது 0.452 அங்குல விட்டமுள்ள குண்டையே வைக்கிறோம். 0.500இலிருந்து 0.452ஐக் கழித்தால் 0.048, இரண்டு பக்கமும் பங்கிட்டால் ஒரு பக்கத்துக்கு 0.024 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் மேடுகளுக்கும் குண்டுக்கும் இடையே இருப்பது இந்த அளவு பிளாஸ்டிக் மட்டுமே. பின்னால் எரியும் வாயு முன்னால் கசியாமல் தடுக்க வேண்டியதும், குழலின் சுருள் காடிகளைப் பற்றிக்கொண்டு சுழல வேண்டியதும், அந்தச் சுழற்சியை வழுக்காமல் குண்டுக்குக் கொடுக்க வேண்டியதும், வெளியே வந்தவுடன் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் விரிந்து விலக வேண்டியதும் இந்த அரை மில்லிமீட்டர்தான். குண்டின் பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் ஆற்றலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே நாம் நேரத்தைச் செலவிடுகிறோம். குழலோடு உரசுவது சேபோ மட்டுமே என்பதை நான் மறந்திருந்தேன்.

ஆகவே முதலில் குழலை அளக்க வேண்டும். 0.50 என்று பொறித்த எல்லாக் குழல்களும் 0.500 அங்குலமாக இருப்பதில்லை. குழலின் பின்முனையை மூடும் பிரீச் பிளக்கைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவிய மென்மையான ஈய உருண்டையைக் குழல் முழுவதும் தள்ளி எடுத்து, அதில் பதிந்த தடங்களை மைக்ரோமீட்டரால் அளந்தபோது, என்னிடமுள்ள இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று 0.501 என்றும் மற்றொன்று 0.503 என்றும் காட்டின. அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்பது பேச்சுக்குச் சிறியதுதான். ஆனால் பக்கத்துக்கு ஆயிரத்தில் இருபத்துநான்கு பங்கே உள்ள சுவரில் அது சிறியதல்ல. ஒரே சேபோவும் ஒரே குண்டும் முதல் துப்பாக்கியில் முழு உடல் பலத்தையும் கேட்டன. இரண்டாவதில் இரண்டு விரலால் தள்ளினாலே இறங்கின. இதனால்தான் ஒருவருக்கு அற்புதமாகச் சுடும் கூட்டணியை அப்படியே இன்னொருவர் தம் துப்பாக்கியில் இட்டு ஏமாறுகிறார்.

கெட்டிக்கும்போது கையில் உணரும் எதிர்ப்பே மிக நல்ல அளவுகோல் என்பது என் அனுபவம். மிக இலகுவாக இறங்கினால் வாயு ஓரமாகக் கசியும். ஒரு பக்கம் கருகிய அந்த மூன்றாவது சேபோ அப்படிக் கசிந்த ஒன்று. அதைவிடக் கவலைக்குரியது, குழலைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு நாள் முழுவதும் நடக்கும்போது குண்டு மருந்திலிருந்து முன்னால் நகர்ந்துவிடலாம். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே இடைவெளி விழுந்த நிலையில் சுட்டால், குண்டு குழலை அடைத்த தடையாக மாறிக் குழலே வெடிக்கும் அபாயம் உண்டு. கோலில் இரண்டு கோடுகள், ஒன்று குழல் காலியாக இருக்கும்போதும் மற்றொன்று சரியாகக் கெட்டித்த பிறகும், போட்டு வைப்பதை நான் ஒரு நாளும் தவறவிடுவதில்லை. மறுபுறம், கோலின் மீது உடலைச் சாய்த்துக் குத்த வேண்டியிருந்தால் இதழ்கள் உள்ளேயே கிழியும், மென்மையான ஈய முனை நசுங்கும், குண்டு சாய்ந்து உட்காரும். இதழ் இழந்த முதல் சேபோவுக்கு நேர்ந்தது இதுவே. இரண்டு கைகளால் சீராக, நிறுத்தாமல், ஒரே அழுத்தத்தில் இறங்கி, அடியில் மருந்தைத் தொட்டதும் தெளிவாக நிற்க வேண்டும். மெல்லிய நெடுக்கு வரம்புகள் எழுப்பிய ஹார்வெஸ்டர் கிரஷ் ரிப் போன்ற சேபோக்கள் இறுக்கமான குழலில் இந்த அழுத்தத்தைக் குறைக்கின்றன. வரம்புகள் மட்டுமே நசுங்குவதால் உரசும் பரப்பு குறைகிறது. சேபோவை மாற்ற விரும்பாதவர்கள் குண்டை மாற்றலாம்: பார்ன்ஸின் மசில்லோடர் குண்டுகள் 0.451 அங்குலம், ஹார்னடியின் எஸ்எஸ்டி 0.452 அங்குலம். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டை என் உள்ளங்கை தெளிவாக உணர்கிறது.

அடுத்தது, குண்டின் அடியும் சேபோவின் உட்தளமும். இதைப் பற்றிப் பலரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் ஓட்டை விழுந்த அந்த இரண்டாவது சேபோவின் கதை முழுவதும் இதில் அடங்கியுள்ளது. குண்டுகளில் அடி தட்டையாக இருப்பவை உண்டு. படகின் பின்புறம்போல் குறுகிச் செல்பவையும் உண்டு. பார்ன்ஸின் டிஎம்இசட் படகுவால் குண்டு. அதே நிறுவனத்தின் டி-ஈஇசட் தட்டை அடிக் குண்டு. படகுவால் குண்டை, உட்தளம் தட்டையாக உள்ள சேபோவில் வைத்தால் குண்டின் குறுகிய அடியைச் சுற்றி ஒரு வளையம் அளவுக்கு வெற்றிடம் மிஞ்சும். மருந்து எரியும்போது பின்னாலிருந்து வரும் அழுத்தம் சூடான பிளாஸ்டிக்கை அந்த வெற்றிடத்துக்குள் பிதுக்கித் தள்ளும். அதனால் சேபோவின் அடி கோணலாகிறது, சில வேளைகளில் கிழிந்தே போகிறது, குண்டு அச்சிலிருந்து சற்றே சாய்ந்து வெளியேறுகிறது. நான் செய்த பிழை எளியது: ஒரு பெட்டியில் வந்த படகுவால் குண்டுகளின் சேபோக்கள் தீர்ந்துவிட்டபோது, வேறு பெட்டியில் மிஞ்சியிருந்த தட்டைத்தளச் சேபோக்களை எடுத்து அவற்றோடு சேர்த்துவிட்டேன். விட்டம் ஒன்றுதான், ஆகவே பொருந்தும் என்று எண்ணினேன். கையில் வைத்துப் பார்க்கும்போது பொருந்தவும் செய்தது.

இப்போது நான் குண்டை வாங்கும் முன் அதைச் சேபோவில் அமர்த்தி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறேன். இதழ்களின் இடைவெளி வழியே குண்டின் அடி தளத்தோடு முழுமையாகப் படிந்திருக்கிறதா, விரலால் சுழற்றினால் குண்டு உள்ளே வழுக்குகிறதா, குண்டின் தோள் இதழ்களின் விளிம்பைத் தாண்டிப் போதுமான அளவு தாங்கப்படுகிறதா என்ற மூன்றையும் பார்த்த பிறகே முடிவு செய்கிறேன். படகுவால் குண்டு வேண்டுமென்றால் அதற்கென்றே உட்தளம் வடிவமைத்த சேபோ வேண்டும். அது கிடைக்காதபோது தட்டை அடிக் குண்டுக்கு மாறிவிடுவதே நல்லது. நூற்றைம்பது கஜத்துக்குள் வேட்டையாடுபவருக்குப் படகுவால் தரும் நன்மை மிகச் சிறியது.

0.452க்குப் பதிலாக 0.429 அல்லது 0.40 அங்குலக் குண்டை அதே குழலில் வைக்கலாமா என்ற கேள்வியும் உண்டு. வைக்கலாம், காரணமும் உண்டு. பவுண்டில் எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் குறுக்குவெட்டு அடர்த்தியைக் கணக்கிட்டால், 250 கிரெயின் (ஒரு கிரெயின் என்பது பவுண்டில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு) எடையுள்ள 0.452 குண்டுக்கு 0.175 வருகிறது, 200 கிரெயின் எடையுள்ள 0.40 குண்டுக்கு 0.179 வருகிறது. ஐம்பது கிரெயின் குறைந்த குண்டு அதே ஊடுருவலைத் தரக்கூடும், தோளில் உதையும் குறையும். ஆனால் 0.40 குண்டுக்கான சேபோவின் சுவர் பக்கத்துக்கு 0.05 அங்குலம் ஆகிவிடுகிறது. தடித்த பிளாஸ்டிக் அதிகமாக நெளியும், குண்டை மையத்தில் நிறுத்துவதில் மெல்லிய சுவர் அளவுக்கு உறுதி காட்டாது. என் துப்பாக்கிகள் இரண்டும் 0.452ஐயே விரும்பின, 0.429 அதற்கு நெருங்கி வந்தது; 0.40 எப்போதும் பின்தங்கியது. 0.45 அங்குலக் குழலில் 0.40 குண்டை வைத்தால் சுவர் 0.025 அங்குலம்தான் என்பதால் அங்கே அது மிக நன்றாக நடந்துகொள்கிறது.

குண்டின் நீளத்துக்கும் குழலின் முறுக்குக்கும் உள்ள உறவை 1879இல் ஜார்ஜ் கிரீன்ஹில் ஓர் எளிய சூத்திரமாக வகுத்தார்: 150ஐக் குண்டின் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது கிடைக்கும். ஓர் அங்குல நீளமுள்ள 0.452 குண்டுக்கு ஏறத்தாழ முப்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். இன்றைய இன்லைன் குழல்கள் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று உடையவை. ஆகவே இடம் இருக்கிறது. பழைய பாணித் துப்பாக்கிகளில் உள்ள 48 அங்குல முறுக்கும், உருண்டைக்கென்றே அமைந்த 66 அங்குல முறுக்கும் நீண்ட குண்டை நிலைப்படுத்த மாட்டா; அங்கே சேபோவை எவ்வளவு மாற்றியும் பயனில்லை. முழுச் செம்புக் குண்டு வாங்குபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்கு அது நீளமாக இருக்கும், கூடுதல் முறுக்கைக் கேட்கும்.

வெப்பத்தைப் பற்றி. தொடர்ந்து நான்கு, ஐந்து முறை சுட்டபின் குழலைத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்கும். அந்தக் குழலில் புதிய சேபோவை இறக்கிவிட்டு இரண்டு நிமிடம் பேசிக்கொண்டு நின்றால், பிளாஸ்டிக் இளகி, சுட்டதும் அழுத்தத்தைத் தாங்காமல் கிழியும். முதல் மூன்று குண்டுகள் ஒன்றாக விழுந்து, நான்காவதும் ஐந்தாவதும் ஓடிப்போனால், குண்டைச் சந்தேகிக்கும் முன் குழலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு முறைக்கும் இடையே பத்து நிமிடம் விடுகிறேன். கோடையில் அதற்கும் மேல். கடுங்குளிரில் நேர்மாறாகப் பிளாஸ்டிக் விறைத்துப்போகும், கெட்டிப்பது கடினமாகும். ஆகவே மான் வேட்டை உறைபனியில் நடக்கும் என்றால், கோடைச் சோதனையை மட்டும் நம்பிப் புறப்படாமல் ஒரு குளிர்நாளில் மறுபடி சுட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மருந்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மசில்லோடர் மருந்துக்குக் கிரெயின் என்று சொல்லும்போது அது பெரும்பாலும் கரிமருந்தின் கொள்ளளவை ஒட்டிய அளவு, தராசின் எடை அல்ல. பிளாக்ஹார்ன் 209 என்ற மருந்தில் கொள்ளளவில் நூறு கிரெயின் எடையில் ஏறத்தாழ எழுபது கிரெயின்தான். இரண்டையும் குழப்புவது பெருந்தீங்கு. அந்த மருந்து நன்றாகப் பற்ற இறுக்கமான சேபோ தேவை. டிரிபிள் செவன் என்ற மருந்து கரிமருந்தைவிட வலுவானது. கொள்ளளவைப் பதினைந்து விழுக்காடு குறைத்தால்தான் கரிமருந்தின் அளவுக்கு ஒத்துவரும். அதற்கென்றே கட்டப்படாத குழலில் புகையற்ற மருந்தை ஒருபோதும் இடக்கூடாது. நூறு கிரெயினிலிருந்து நூற்றைம்பதுக்கு ஏறுவதில் எனக்கு நன்மை தெரியவில்லை. உதை கூடுகிறது, சேபோ கிழிகிறது. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் ஓர் ஈரத் துணி, அதன்பின் ஓர் உலர்ந்த துணி என்று குழலைத் துடைத்தால்தான் அடுத்த சேபோவும் முந்தையது சந்தித்த அதே குழலைச் சந்திக்கும்.

இவ்வளவும் தாளில் ஓட்டை போடுவதற்கு. மானுக்கு முன்னால் நிற்கும்போது இன்னொரு பொருத்தம் தேவைப்படுகிறது: குண்டு எந்த வேகத்தில் விலங்கை அடைகிறதோ அந்த வேகத்தில் அது விரிய வேண்டும். 250 கிரெயின் குண்டு குழல் வாயை விநாடிக்கு 1850 அடி வேகத்தில் விட்டால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 1900 அடி-பவுண்டு. நூற்றைம்பது கஜத்தில் வேகம் 1400 அடி அளவுக்கு இறங்கிவிட்டால் ஆற்றல் 1090 அடி-பவுண்டு ஆகிவிடும். கைத்துப்பாக்கிக்கென்று செய்த மெல்லிய உலோக உறைக் குண்டு இருபது கஜத்தில் இந்த முழு வேகத்தோடு எலும்பில் பட்டால் உடைந்து சிதறலாம். அப்போது காயம் மேலோட்டமாக நின்று, மான் நெடுந்தூரம் ஓடி வேதனைப்படும். மிகக் கெட்டியான குண்டோ தொலைவில் விரியாமல் ஊசிபோல் துளைத்துச் செல்லும். ஆறு இதழ்களாக விரியும் முழுச் செம்புக் குண்டுகளை நான் தேர்ந்ததற்கு, அவை உடையாமல் எடையைத் தக்கவைத்துக்கொள்வதே காரணம். ஒரு விலங்கின் உயிரை எடுக்கப் போகிறவன் அதை விரைவாக எடுக்கக் கடமைப்பட்டவன் என்று உறுதியாக நம்புகிறேன். ஆகவே குண்டு எந்தத் தொலைவுவரை விரியும் என்று தெரிகிறதோ அந்தத் தொலைவைத் தாண்டி விசையைத் தொடுவதில்லை.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் கொலராடோவின் மசில்லோடர் வேட்டைப் பருவத்தில் சேபோவுக்கே அனுமதி இல்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் ஈயக் குண்டால் வேட்டையாடக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால், உரிமம் வாங்கும்போதே அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் குண்டு வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறேன். மருந்தும் பிரைமரும் குண்டும் அப்படியே இருக்க, சேபோவை மட்டும் மாற்றி மூன்று முறை சுடுகிறேன். சுட்டதும் நடந்து சென்று மூன்று சேபோக்களையும் தேடி எடுத்து, இலக்குத் தாளின் ஓரத்திலேயே ஒட்டி, தேதியும் வெப்பநிலையும் எழுதி வைக்கிறேன். நல்ல சேபோவின் இதழ்கள் பூப்போல ஒரே கோணத்தில் பின்னோக்கி மடிந்திருக்கும், வெளிப்புறத்தில் காடிகளின் தடம் நேராகவும் ஆழமாகவும் பதிந்திருக்கும், அடி தட்டையாகவும் முழுமையாகவும் இருக்கும். தடம் மங்கலாக இழுபட்டிருந்தால் சேபோ காடியில் வழுக்கியிருக்கிறது. அடி மட்டும் தேய்ந்து இதழ்கள் நலமாக இருந்தால், மருந்தின் மேல் ஒரு கம்பளி வட்டத்தை வைத்து அதன்மேல் சேபோவை இறக்கிப் பார்க்கலாம், எனக்கு 0.503 குழலில் அது பலன் தந்தது. இந்த முறையில் சென்றதில், எட்டு அங்குலச் சிதறல் ஆறு வார இறுதிகளில் ஒன்றரை அங்குலத்துக்கு வந்து சேர்ந்தது. குண்டு முதல் நாள் வாங்கிய அதே செம்புக் குண்டுதான்; அதற்கு உரிய சேபோ கிடைத்தது என்பது மட்டுமே மாற்றம்.

கடந்த நவம்பரில், விடிந்து அரை மணி நேரத்துக்குள், எழுபது கஜத்தில் ஒரு வெள்ளைவால் மான் பக்கவாட்டில் நின்றது. முந்தைய இரவு குழலில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, காலையில் கெட்டிக்கும் முன் இரண்டு பிரைமர்களை மட்டும் சுட்டு வழியை உலர்த்தியிருந்தேன். கோலின் கோடு சரியான இடத்தில் நின்றதையும் இருமுறை பார்த்திருந்தேன். புகை விலகியபோது மான் நாற்பது அடி ஓடி விழுந்திருந்தது. குண்டு இரண்டு நுரையீரல்களையும் கடந்து மறுபக்கம் வெளியேறியிருந்தது. மானிடம் சென்று, அது அடங்கிவிட்டதை உறுதிசெய்து, சற்று நேரம் அதன் அருகில் அமர்ந்திருந்த பிறகு, நான் சுட்ட இடத்துக்குத் திரும்பி உறைபனி படர்ந்த புல்லில் சேபோவைத் தேடினேன். பதினெட்டு கஜத்தில் கிடந்தது. நான்கு இதழ்களும் இருந்தன.